மருமகனுக்கு மாமா சொல்லும் கள்ளப் புத்தி

"எதிரிக்கு எதுக்கு மாமா எங்கட ரகசியத்தைச் சொல்லணும்?" எண்டு கேட்டாய். நல்ல கேள்வி மருமகன். சொல்லாதே. ஒரு எழுத்தும் சொல்லாதே. சொல்லாம விடுறதும் ஒரு தொழில்தான். இண்டைக்கு அதை உனக்குப் படிப்பிச்சு விடுறன். அந்த வெத்திலை வட்டாவை இஞ்சால தள்ளு. லெப்டொப்பை எள்ளுப்போல அங்கால வை, சுண்ணாம்பு பட்டா உன்ட அம்மா என்னைத்தான் ஏசுவாள்.

முதல்ல உன்ட பிரிட்ஜ் எனக்கு விளங்கின மாதிரிச் சொல்லுறன், பிழை எண்டாத் திருத்து. நாலு பேர். எதிரும் புதிருமா ரெண்டு சோடி. 52 கடதாசி, ஆளுக்கு 13. எத்தினை பிடி பிடிப்பம் எண்டு முதல்ல ஏலம் கேக்கிறது, மறுகா இறக்கிறது. இதில என்ன புதினம் இரிக்கு? வயல் வாடியில, யானைக் காவலுக்கு ராவு முழிச்சிரிந்து நாங்க அடிச்ச முந்நூத்தி நாலும் இதே வகைதான். எங்களுக்கு 32 கடதாசி, ஆளுக்கு எட்டு. முதல் நாலைக் கையில எடுத்துப்போட்டு 160 இல இரிந்து கேள்வி தொடங்கும். கேட்டு எடுத்தவன் துரும்பைக் குப்புற வச்சிரிப்பான்.

வித்தியாசம் சம்பளத்தில. எங்கட ஆட்டத்தில ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, ராசாவுக்கு 3, ராணிக்கு 2. கூட்டிப் பார், ஒரு சாதிக் கடதாசிக்கு 76, நாலுக்கும் 304. உன்ட ஆட்டத்தில ஆசுக்கு 4, ராசாவுக்கு 3, ராணிக்கு 2, ஜாக்கிக்கு ஒண்டே ஒண்டு. ஒன்பதுக்குக் கஞ்சியும் இல்ல. முப்பது எடுத்த மனிசனை ஒண்டுக்கு இறக்கின விளையாட்டை நான் எப்படி மனே மதிக்கிறது? ராசாவும் ராணியும் மட்டும் ரெண்டு இடத்திலயும் ஒரே சம்பளத்துக்கு நிக்குதுகள். பாவம், அதுகளுக்குத் தொழிற்சங்கம் இல்லப் போல.

ஆனா ஒரு விசயத்தில உன்ட ஆக்களை நான் மெச்சத்தான் வேணும். ஒருத்தன்ட கையில வரக்கூடிய 13 கடதாசிக் கூட்டு எத்தினை வகை எண்டு நீதான் கணக்குக் காட்டினாய்: 63,501 கோடிக்கும் மேல. அதைச் சோடிக்குச் சொல்லுறதுக்குக் கிடைச்ச சொல்லு எத்தினை? 38. ஒண்டில இரிந்து ஏழு மட்டும், நாலு சாதியும் துரும்பில்லாததும் சேர்த்து 35. மறுகா பாஸ், டபிள், ரீடபிள். அவ்வளவுதான். 63,501 கோடிச் சங்கதியை 38 சொல்லுக்குள்ள அடைக்கிறதெண்டா ஒவ்வொரு சொல்லுக்கும் வேற வேற கருத்து வைக்காமச் சரிவராது. 1925 இல ஹரல்ட் வண்டர்பில்ட் எண்ட அமெரிக்கச் சீமான், 'பின்லாந்து' எண்ட கப்பலில பனாமாக் கால்வாயால போகக்குள்ள, புள்ளிக் கணக்கைத் திருத்தி இந்த ஆட்டத்தை இப்ப இரிக்கிற மாதிரி ஆக்கினாராம். வேலை வெட்டி இல்லாத சீமான். கேள்வியைக் குறைச்சுக் கேட்டா நட்டம், கூடக் கேட்டாலும் நட்டம் எண்டு கணக்கை வச்சு விட்டிட்டார். மறுகாதான் எல்லாரும் சொல்லுக்குக் கருத்துக் கட்ட வெளிக்கிட்டாங்க.

இப்ப பார். உன்ட சோடி 'ஒரு நோ ட்ரம்ப்' எண்டு திறக்கிறான். 15 இல இரிந்து 17 புள்ளி எண்டு கருத்து. நீ 'ரெண்டு கிளாவர்' எண்டுறாய். உன்னட்டக் கிளாவர் இரிக்கா? இல்ல. 'உனக்கு நாலு ஆட்டின் இல்லாட்டி நாலு ஸ்பேட் இரிக்கா?' எண்டு அவனைக் கேக்கிறாய். அதுக்கு ஸ்டேமன் எண்டு ஒரு அமெரிக்கன்ட பேரை வச்சிரிக்கிறயள். 'ரெண்டு டைமன்' எண்டா கையில ஆட்டின். 'மல்டி' எண்டு இன்னொண்டு வச்சிரிக்காய் பார், அதுதான் எனக்கு மெத்தப் பிடிச்சது. ஆட்டத்தைத் திறக்கக்குள்ளயே 'ரெண்டு டைமன்' எண்டுவாய். கையில இரிக்கிறது ஆறு ஆட்டின், இல்லாட்டி ஆறு ஸ்பேட். எது எண்டு உன்ட சோடிக்கே உடன தெரியாது. எங்கட பக்கம் வாக்குக் கேட்டு வாறவங்க இந்த ஆட்டத்தை எப்ப படிச்சாங்க எண்டு நான் யோசிச்சன்.

"இது பச்சைப் பொய்யெல்லோ" எண்டு நான் சொல்ல, நீ வாங்கிலில இரிந்து துள்ளி ஒழும்பினாய். "பொய் இல்ல மாமா, நாலு பேருக்கும் கருத்துத் தெரிஞ்சா அது எப்படிப் பொய்யாகும்?" எண்டாய். ஞாபகம் இரிக்கா? அது போன கிழமை. இந்தக் கிழமை வந்து, எதிரிக்கு எதுக்குச் சொல்லணும் எண்டுறாய். நல்லது. போன கிழமை சொன்னதை மறந்திரு. இப்ப தொழிலைப் படி.

முதல் வித்தை, பேரை மட்டும் சொல்லுறது. பாலத்தால அங்கால களுவாஞ்சிக்குடிக்குப் போய்ச் சீனி வாங்கிவர உனக்குப் பஞ்சி. ராவானா கணனியால துருக்கிக்கும் போலந்துக்கும் போய் வாறாய். துருக்கிக்காரன் ஒருத்தன் உன்ட ரெண்டு டைமனைத் தட்டி, 'இது என்ன?' எண்டு கேக்கிறான். நீ 'மல்டி' எண்டு அடி. காணும். அவன் படிச்ச மல்டியில பலமான கையொண்டும் ஒளிஞ்சிரிக்கலாம். உன்ட மல்டியில அது இல்ல. அவன் அந்தப் பலமான கைக்குப் பயந்து பேசாம இரிப்பான். நீ பொய் சொல்லவுமில்ல, அவனுக்கு உண்மை போய்ச் சேரவுமில்ல. 'ஆறு ஆட்டின் அல்லது ஆறு ஸ்பேட், 5–9 புள்ளி, பலமான கை இல்லை' எண்டு விரிச்சு அடிச்சா விரல் தேஞ்சிரும். வாட்ஸ்அப்பில அந்தப் புள்ளைக்கு ராவு முழுக்க அடிக்கிற விரல்தானே, தேயவிடாதே.

ரெண்டாவது வித்தை இன்னும் மேல. 'எங்களுக்குள்ள பேச்சு ஒண்டும் இல்ல' எண்டுறது. இதில ஒரு அழகு இரிக்கு: சொல்லுக்குச் சொல்லு உண்மையாயும் இரிக்கும். நீயும் உன்ட சோடி அந்தக் கொழும்புப் பொடியனும் ஏதோ ஒரு கேள்வியைப் பற்றி ஒருநாளும் வாய் திறந்து கதைக்கல்ல. ஆனா நீ அதைக் கேக்கிற நேரமெல்லாம் அவன் நெத்தி சுருக்காமப் பாஸ் சொல்லுறான். ஏன்? உன்னோட மழை துவங்கின நாளில இரிந்து விளையாடி, உன்ட குணம் அவனுக்குப் படிஞ்சு போச்சு. பிரிட்ஜ் விதிப் புத்தகத்தில 40 ஆம் விதியை ஒருக்கா வாசிச்சுக் காட்டினாய். வாயால பேசி வச்சது மட்டுமில்ல, பழகிப் பழகி விளங்கிக்கொண்டதும் ஒப்பந்தந்தான் எண்டு கிடக்கு. அதை எழுதினவன் ஆரோ எங்கட ஊர் ஆளாத்தான் இரிக்கோணும். 2018 இல ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டியில முதல் தரமாப் பிரிட்ஜைச் சேர்க்க, ஆம்பிளைச் சோடியில இந்தியாவுக்குத் தங்கம் வந்துதெல்லோ. வங்காளத்து ஆக்கள் ரெண்டு பேர். பிரணாப் பர்தனுக்கு 60 வயசு, சிப்நாத் சர்க்காருக்கு 56. கன வருசமாச் சோடி சேர்ந்து விளையாடினவங்க. அப்படிப்பட்ட சோடிக்கு எழுதி வச்ச காகிதத்தை விட எழுதாத காகிதந்தான் பெரிசா இரிக்கும். எதிரி கேட்டா அதையும் விரிச்சுக் காட்டோணும் எண்டுது விதி. நீ காட்டாதே. ரெண்டு மாசப் பழக்கத்தை ஒளிச்சு வை. அறுவது வயசில தங்கம் தேடி வரும்.

மூண்டாவது வித்தை, நல்ல பிள்ளை வேசம். எதிரி கேக்க, ஒப்பந்தத்தைச் சொல்லாம உன்ட கையைச் சொல்லுறது. கேக்க உத்தமன் மாதிரி இரிக்கும், சட்டத்தில பிழை. எப்படியெண்டு சொல்லுறன், இந்த இடத்தைக் கவனமாக் கேள், இதில வாத்திமாரே வழுக்கிறாங்க. சோடியின்ர ஒரு நோ ட்ரம்புக்கு ரெண்டு டைமன் எண்டா ஆட்டின் எண்டு பேசி வச்சிரிக்கிறயள். நீ நித்திரைத் தூக்கத்தில மறந்துபோய், உண்மையான டைமனை வச்சுக்கொண்டே ரெண்டு டைமன் எண்டு தட்டிப்போட்டாய். தட்டின பிறகு தலையில இடி விழுந்த மாதிரி ஞாபகம் வருது. எதிரி கேக்கிறான். என்னத்தைச் சொல்லுவாய்? 'ஆட்டின்' எண்டுதான் சொல்லோணும். ஏனெண்டா அவனுக்கு உரித்து உங்கட பேச்சில. உன்ட கடதாசியில இல்ல. பிழையாக் கேட்டதுக்குக் குற்றமில்ல. பிழையா விளக்கம் சொன்னாத்தான் குற்றம். வேணுமெண்டே இல்லாததை இரிக்கிற மாதிரிக் கேட்டாலும் குற்றமில்லையாம், ஒரு நிபந்தனையோட: எதிரி ஏமாறுற அளவுக்கு உன்ட சோடியும் ஏமாறோணும். 'மருமகன் இன்னொருக்கா விடுறான்டா' எண்டு அவன் மணந்து பிடிச்சா, அண்டையோட அது பொய்க் கேள்வி இல்ல, ஒளிச்சு வச்ச ஒப்பந்தம்.

இப்படி நுணுக்கமா யோசிச்சு ஒரு விதியை எழுதின மூளை, எங்கட நெல்லுச் சந்தைப்படுத்தலுக்கு வந்திரிக்கக் கூடாதா எண்டு எனக்கு ஒரு ஏக்கம். சரி, அது வேற கதை.

நாலாவது, பதிலை இழுத்தடிக்கிறது. அது சோம்பேறிக்கு. உனக்கு நான் படிப்பிக்கத் தேவையில்ல.

ஒரு சங்கடம் சொன்னாய்: "விளக்கம் சொன்னா என்ட சோடிக்கும் கேக்குமே மாமா, அவன் அதைக் கேட்டு முழிச்சிருவானே." அது மேசையில முகத்துக்கு முகம் இரிந்து விளையாடுறவங்கட சங்கடம். அங்க கேட்டவன் வாயைத் திறக்கிறதில்ல. அவன்ட சோடிதான் எதிரிக்கு விளக்கம் சொல்லோணும். நீ ஒண்டை நினைச்சுக் கேட்டிரிப்பாய், சோடி வேற ஒண்டைச் சொல்லுவான், அது உன்ட காதில விழும். விழுந்ததை வச்சு விளையாடக்கூடாது எண்டுது விதி. விழுந்த காதை எங்க கொண்டுபோய்க் கழட்டி வைக்கிறது? ஆனா உன்ட இடத்தில அந்தத் தொல்லையும் இல்ல. கனடாக்காரர் பிரெட் கிட்டல்மன் 2001 இல துவங்கின பிரிட்ஜ் பேஸ் எண்ட அந்தக் கணனி மேசையில, கேட்டவன் தானே தன்ட கேள்விக்கு விளக்கத்தைச் சின்னப் பெட்டிக்குள்ள அடிக்கலாம். எதிரி ரெண்டு பேருக்கும் தெரியும், சோடிக்குத் தெரியாது. நீ அண்டைக்குக் காட்டக்குள்ள நான் உத்துப் பார்த்தன். பெட்டி இவ்வளவுதான், நகத்தளவு. அதுக்குள்ள நாலு சொல்லு அடிச்சு, கேள்வியைத் தட்டினா முடிஞ்சுது. சோடியின்ர திரையில வெறுங் கேள்வி மட்டும் நிக்கும். கலியாணம் முடிச்ச ஆம்பிளைக்கெல்லாம் இப்படி ஒரு பெட்டி கிடைச்சிரிந்தா ஊரில பாதிப் பஞ்சாயத்துக் குறைஞ்சிரிக்கும்.

அப்ப, சொல்லாம விட்டுப் பேர் எடுத்தவங்கட சரித்திரத்தையும் நீ அறிஞ்சு வச்சிரிக்கோணும். 1975 இல பெர்மூடாத் தீவில உலகக் கிண்ணம். இத்தாலிச் சோடியொண்டு மேசைக்குக் கீழ காலால காலைத் தட்டினாங்க எண்டு பெரிய அமளி, கண்டிப்பு. அந்தப் போட்டியிலதான் சோடியின்ர முகம் தெரியாம மேசைக்குக் குறுக்கால திரை கட்டத் துவங்கினதே. 2013 இல பாலித் தீவில மூத்த ஆக்களுக்கான உலகப் போட்டி. ஜெர்மன் சோடி, ரெண்டு பேரும் வைத்தியர்மார். ஒருத்தர் இருமினார், மத்தவர் இறக்கினார். எந்தச் சாதியில கடதாசி குறைவு எண்டதை இருமல் கணக்கால சொன்னாங்க எண்டு உலகப் பிரிட்ஜ் சம்மேளனம் 2014 இல தீர்ப்புச் சொல்லி, ஆளுக்குப் பத்து வருசத் தடை. சோடியா ஆயுளுக்கும் விளையாட ஏலாது. நோயாளியின்ர இருமலை நிப்பாட்டப் படிச்ச மனிசருக்குத் தங்கட இருமலை நிப்பாட்டத் தெரியாமப் போச்சு.

பார், மனிசன்ட உறுப்பை எல்லாம் ஒவ்வொண்டாக் கட்டிக்கொண்டு வந்தாங்க. வாயால கேக்காம அட்டையை எடுத்து வை எண்டாங்க, குரல் போச்சு. திரை போட்டாங்க, கண் போச்சு. மேசைக்குக் கீழ மறிச்சாங்க, கால் போச்சு. கடைசியாக் கணனிக்குள்ள தள்ளினாங்க, ஆளே போயிட்டான். ஆள் போன பிறகும் கள்ளம் போகல்ல. 2020 இல கொரோனாவுக்கு உலகமே வீட்டுக்குள்ள இரிக்க, பேர் போன ஆட்டக்காரனுகள் சிலபேர் இன்னொரு பேரில பார்வையாளனா உள்ள வந்து நாலு பேர்ட கையையும் பார்த்து விளையாடிப் பிடிபட்டாங்க. சிலர் தாங்களா ஒத்துக்கொண்டாங்க. அவங்களோட ஒப்பிட்டா நீ என்ன, பச்சைப் பாலகன். 'மல்டி' எண்டு ஒரு சொல்லு அடிச்சுப்போட்டு வாய் பொத்தி இரிக்கிறவன். அவங்கட பந்தியில உனக்கு இலை போட இன்னும் கொஞ்ச நாள் எடுக்கும். ஆனா வரிசையில நிக்கத் துவங்கிட்டாய்.

பழுகாமத்தில திரௌபதை அம்மன் வாசலில பிறந்து வளந்த பொடியன் நீ. தீமிதிப்புக்கு முன்வரிசையில நிக்கிறாய், பாரதம் படிக்கக்குள்ள பின்வரிசையில போய்ப் போன் பார்க்கிறாய். அந்தச் சூதாட்டச் சபையை ஒருக்கா நினைச்சுப் பார். துரியோதனன் என்ன சொன்னான்? பணயம் என்ட, காய் உருட்டுறது என்ட மாமன் எண்டு சபை கேக்கச் சொன்னான். ஒருத்தனுக்காக இன்னொருத்தன் ஆடுறது முறையில்லையே எண்டு தருமர் முணுமுணுத்தார். முணுமுணுத்துப்போட்டு, தெரிஞ்சுதான் இரிந்தார். அதாவது மருமகன், துரியோதனனே தன்ட சோடி ஆர், ஏற்பாடு என்ன எண்டதை எதிரிக்கு முன்கூட்டிச் சொல்லிப்போட்டுத்தான் ஆடினவன். நீ அவனுக்கும் கீழ இறங்கப் போறியா? அவனுகள் சொல்லாம விட்டது ஒண்டே ஒண்டு, சகுனியின்ர காயின்ட குணம். அந்த ஒண்டுக்கு 18 நாள் சண்டை; இண்டைக்கும் நாங்க நெருப்பில நடந்துகொண்டு இரிக்கிறம். மாமன்ட புத்தியைக் கேட்டு ஆடின மருமகன்ட கெதியும் அந்தக் கதையிலதான் கிடக்கு. ஆனா நீ என்னை நம்பலாம்.

"அப்ப எல்லாத்தையும் கொட்டிப்போட்டா எனக்கு என்ன மிஞ்சும்?" எண்டு முகத்தைத் தொங்கப் போடாதே. எல்லாத்தையும் ஆர் கேட்டது? எந்தக் கடதாசியை இறக்கப்போறாய் எண்டு சொல்லத் தேவையில்ல. எதிரி யோசிச்ச யோசனையில இரிந்து ராணி எங்க கிடக்கு எண்டு நீ மோப்பம் பிடிச்சதைச் சொல்லத் தேவையில்ல. பிரிட்ஜ் தெரிஞ்ச எவனும் தன்ட புத்தியால கண்டுபிடிக்கிறதைச் சொல்லத் தேவையில்ல. கேக்கிறது அந்த 38 சொல்லில ஒண்டுக்கு நீங்க ரெண்டு பேரும் வச்சிரிக்கிற கருத்தை மட்டும். அதைச் சொன்ன உடன உன்ட ஆட்டம் படுத்திட்டுதெண்டா, அண்டைவரைக்கும் நீ வெண்டது பிரிட்ஜில இல்ல, துருக்கிக்காரன்ட அறியாமையில. அவனுக்கும் நாளைக்கு ஆரும் சொல்லிக் குடுத்திருவாங்க. மறுகா நீ எங்க போவாய்?

தெரிஞ்சுகொண்டே தோக்கிறவன்ட முகத்தைப் பார்க்கிற சுகம் உனக்கு இன்னும் பிடிபடல்ல. "ஆறு ஆட்டின் அல்லது ஆறு ஸ்பேட்" எண்டு முழுசா விரிச்சுச் சொல்லி, அவன் அதை ரெண்டு தரம் வாசிச்சு, தலையைச் சொறிஞ்சு, எது எண்டு யோசிச்சு யோசிச்சுப் பிழையான பக்கம் கேக்கிறான் பார், அதுக்கு மேல ஒரு சுகம் இல்ல. கணனியில அந்த முகம் தெரியாது. உன்ட விளையாட்டில எனக்குத் தெரிஞ்ச குறை அது ஒண்டுதான், ஜாக்கியின்ர சம்பளத்தை விட்டா.

ஓம், ஓம், வாய்க்குள்ள சிரிக்கிறது தெரியுது. "நீங்க வாடியில காதைச் சொறிஞ்சது என்ன மாமா?" எண்டுதானே. சொறிஞ்சன். காதைச் சொறிஞ்சா ஜாக்கி, மூக்கைத் தடவினா ஒன்பது, சுருட்டை இடக்கைக்கு மாத்தினாத் துரும்பு இல்ல. எதிர்ப் பகுதியும் சும்மா இரிக்கல்ல, அவனுகள் குப்பி விளக்கின்ர திரியைத் தூண்டுற சாட்டில அளாப்புவானுகள். ஆனா எங்கட சைகையில ரகசியம் எண்டு ஒண்டு கிடையாது. எதிர்க்கையில இரிந்தவன் ஆரெண்டு நினைக்கிறாய்? உன்ட அப்பன். அப்ப அவன் என்ட தங்கச்சியை முடிச்சு எங்கட வீட்டுக்கு வந்த புது மாப்பிள்ளை. நானும் என்ட சோடியும் திண்ணையில இரிந்து சைகை பழகுறதை உன்ட அம்மா சோறு போட்டுக்கொண்டே பார்த்திரிக்காள். ஒண்டும் அறியாத முகத்தோட கறி வேணுமா அண்ணே எண்டு கேப்பாள். நான் காதுக்குக் கையைக் கொண்டு போகக்குள்ளயே உன்ட அப்பன் துரும்பால வெட்டிப்போடுவான். எத்தினை நாள் மூக்கு, காது, சுருட்டு எல்லாத்தையும் மாத்தி மாத்திப் பார்த்தன். விடியக்குள்ள மாத்தினது பொழுதுபடக்குள்ள அவனுக்குத் தெரிஞ்சிரிக்கும். அதால, எங்கட ஒப்பந்தமெல்லாம் எதிர்ப் பகுதிக்கு முழுசா அறிவிச்ச ஒப்பந்தம். ஒரு பெட்டியும் இல்லாமலே.

சைகையை அறிவிச்சுப்போட்டுச் செய்தாலும் குற்றந்தான், கேள்வியாலயும் இறக்கிற கடதாசியாலயும் மட்டுந்தான் சோடிக்குச் சொல்லலாம் எண்டு இப்ப விதிப் புத்தகத்தைத் தூக்காதே. அது உன்ட ஆட்டத்துக்கு. எங்கட வாடியில நடுவர் யானைதான். அது வரம்பில ஏறினா ஆட்டம் கலைஞ்சிரும், தோத்துக்கொண்டிரிந்தவன்தான் முதல்ல வெடியைக் கொளுத்துவான். போன வரியத்துக்கு முந்தின வரியம் உன்ட அப்பன் யானையே இல்லாமக் கொளுத்தினவன்.